ஆபரேஷனுக்கு முன் ஜெபம் செய்யும் டாக்டரை நம்பலாமா?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் "கடவுளை நம்புவது அறிவுக்குப் பொருந்துமா" என்ற பழைய கேள்விதான். ஆனால் உங்களை உறுத்தியது வேறு. வேலூரில் உங்கள் அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன். முந்தின நாள் மாலை டாக்டர் வந்து ரிப்போர்ட்டுகளை எல்லாம் விளக்கிவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபம் செய்தார். அப்பாவுக்கு அது தெம்பு. உங்களுக்கோ வயிற்றைக் கலக்கியது. "எந்த இரத்தக்குழாயில் எவ்வளவு அடைப்பு என்று கணக்காகச் சொல்கிறவர், கண்ணுக்குத் தெரியாத ஒருவரிடம் பேசுகிறார் என்றால் அவர் மூளையில் ஒரு பகுதி வேலை செய்யவில்லை என்றுதானே அர்த்தம்?" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, கடவுள் உண்டா இல்லையா என்பதல்ல உங்கள் கேள்வி. நம்புகிற ஒரு படித்தவர் தன் அறிவுக்குத் துரோகம் செய்கிறாரா என்பதுதான். இரண்டையும் கலந்துவிட்டால் பதில் வராது. சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்று நம்பிய பழைய வானியலாளர்கள் நம்பியது பொய். ஆனால் அவர்கள் கையில் இருந்த கணக்குகளை வைத்துப் பார்த்தால் அது நியாயமான நம்பிக்கை. லாட்டரியில் எனக்குத்தான் விழும் என்று அடித்துச் சொன்னவனுக்கு விழுந்தே விட்டாலும், அவன் சொன்னது நியாயமாகிவிடாது.

நான் வேலூர்க்காரன். கல்லூரியில் தத்துவமும் தருக்கமும் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். மருத்துவமும் இயற்பியலும் என் துறைகள் அல்ல. அந்தப் பக்கம் போகும்போது அத்துறையினர் ஒப்புக்கொண்டதை மட்டும் சொல்கிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் நம்புகிறவன் அல்ல. என் மனைவி நம்புகிறவர், அதுவும் நன்றாக யோசித்து நம்புகிறவர். அதனால் இந்த வழக்கு எங்கள் வீட்டில் தினமும் நடப்பதுதான். என் தீர்ப்பு: கடவுள் நம்பிக்கை அறிவுக்குப் பொருந்தியதாக இருக்க முடியும். ஆனால் எந்தக் கடவுள், அவரிடம் என்ன கேட்கிறீர்கள், அதன்மேல் எவ்வளவு பாரம் ஏற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்து.

உங்கள் கேள்விக்குப் பின்னால் ஒரு விதி ஒளிந்திருக்கிறது. போதிய சான்று இல்லாமல் எதையும் நம்புவது தவறு என்பது அந்த விதி. அதை வெளிப்படையாக எழுதியவர் வில்லியம் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர், 1877-இல். ஒரு கப்பல் முதலாளி, கப்பல் பழசு என்று தெரிந்தும், இத்தனை பயணம் போய்வந்தது இதுவும் போய்வரும், தெய்வம் காப்பாற்றும் என்று சந்தேகத்தை அமுக்கிவிட்டு ஆட்களை ஏற்றி அனுப்புகிறான். கப்பல் மூழ்குகிறது. அவன் மனதார நம்பினான் என்பது அவனைக் காப்பாற்றாது என்கிறார் கிளிஃபோர்ட். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளிதான் என்றும் சொல்கிறார். எனக்குப் பிடித்த இடம் அது. நமக்குக் கப்பல் தேவையில்லை, பாலாறு போதும். பல வருடம் மணலாகவே கிடந்த ஆறு, இனி எங்கே வரப்போகிறது என்று கரையை ஒட்டிச் சுவர் எழுப்பினார்கள். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியது. ஆறு வராது என்று அவர்கள் நம்பியதற்கு அடிப்படை சான்று அல்ல, வசதி.

இந்த விதி நல்ல விதி. ஆனால் 'எப்போதும், எங்கேயும், யாருக்கும்' என்று கிளிஃபோர்ட் சொன்ன அளவுக்கு இழுத்தால் அறுந்துவிடும். எதிரே பேசுகிறவருக்கு உள்ளே ஒரு மனம் இருக்கிறது, நேற்று என்று ஒன்று உண்மையில் நடந்தது என்பதையெல்லாம் நாம் யாரும் சான்று காட்டி நிறுவியதில்லை. நிறுவ முயன்றால் நினைவையே சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கும். அந்த நினைவு நம்பகமானதா என்பதே கேள்வி. ஆகவே சான்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிச் சான்று கேட்கும் உரிமை இல்லை. இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

முதலில் நிரூபணங்களைப் பார்த்துவிடலாம். நம் மரபில் ரொம்பப் பிரபலமானது குடமும் குயவனும். குடம் செய்யப்பட்ட பொருள், ஆகவே செய்தவன் உண்டு, உலகமும் அப்படியே. பத்து, பதினோராம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த நியாயம் என்ற தருக்கத் தத்துவ மரபின் உதயணர் இதை மிக நுட்பமாகக் கட்டினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவிலேயே அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதைக் காட்டி அங்கிருந்து இறைவனிடம் போகிறார். சைவப் பெரியவர்கள் சான்று கேட்டால் கோபித்துக்கொண்டதில்லை, அளவை, அதாவது எது சான்றாகும் என்ற முறை, வைத்துப் பேசினார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். 'கும்பிடு, கேள்வி கேட்காதே' என்பது நம் ஊர்ப் பழக்கமாக இருக்கலாம், நம் தத்துவ மரபு அதுவல்ல.

இந்த வாதத்தை உடைத்தவர்கள் யார் என்று கேட்டால் மாணவர்கள் பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ஹியூமைச் சொல்வார்கள். அவருடைய நூல் வெளிவந்தது 1779-இல், அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து. ஆனால் அதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கும் முன்பே கிட்டத்தட்ட அதே அடிகளை அடித்தவர், பக்திக்குப் பேர்போன இராமானுசர். குடம் செய்வதைப் பார்த்திருக்கிறோம், உலகம் செய்வதை யார் பார்த்தது? மலையும் கடலும் ஒரே நேரத்தில், ஒருவராலேயே செய்யப்பட்டன என்று எப்படித் தெரியும்? நாம் கண்ட செய்வோர் எல்லாரும் உடம்புள்ளவர்கள், குறையுள்ளவர்கள். அவர்களை வைத்து ஊகித்தால் கிடைப்பதும் குறையுள்ள ஒருவராகத்தானே இருக்கும்? பிரம்மசூத்திரத்துக்கு எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில் இப்படிக் கேட்டுவிட்டு, பிரம்மத்தை ஊகத்தால் அறிய முடியாது, சாத்திரமே வழி என்று முடிக்கிறார். சாத்திரம் ஏன் நம்பத்தகுந்த சான்று என்பது அடுத்த கேள்வி. அங்கே நான் அவரோடு போகவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நிரூபணம் விழுந்தது, அவர் பக்தி விழவில்லை. நிரூபணத்தின் மேல் அது நிற்கவே இல்லை.

செய்தவன் வேண்டியதில்லை என்ற கட்சியும் இந்த மண்ணில் பழசு. காட்பாடியிலிருந்து பொன்னை போகும் பக்கம் வள்ளிமலைக்குப் போயிருக்கிறீர்களா? வள்ளியை முருகன் மணந்த மலை என்று கும்பிடுகிறோம். அதே மலையில் ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள், கங்க மன்னன் இராசமல்லன் காலத்தவை. சமணர்களுக்கு உலகைப் படைத்த கடவுள் கிடையாது. உலகம் தொடக்கமில்லாதது, குறையில்லாத ஒருவருக்குப் படைக்க வேண்டும் என்ற தேவை ஏன் வந்தது என்பது அவர்கள் கேட்ட கேள்வி. ஆரணி, வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பங்கள் இன்றும் அந்த மரபுக்காரர்கள்தான். படைப்பாளி இல்லாமலே கோயிலும் விரதமும் ஒழுக்கமுமாக ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழ்ந்து காட்டியவர்கள் பக்கத்து ஊரில் இருக்க, நாத்திகம் என்றால் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

குடம்–குயவன் வாதத்துக்கு இப்போது புதுச் சட்டை போட்டிருக்கிறார்கள். இயற்கையின் அடிப்படை மாறிலிகள், அதாவது ஈர்ப்பு விசையின் வலிமை போன்ற மாறாத அளவுகள், கொஞ்சம் மாறியிருந்தாலும் விண்மீனும் இல்லை, வேதியியலும் இல்லை, நாமும் இல்லை. ஆகவே யாரோ அளந்து வைத்திருக்கிறார்கள் என்பது. முதல் பாதி, பல மாறிலிகளுக்கு, இயற்பியலாளர்கள் பரவலாக ஏற்பது. 'ஆகவே' என்பதற்குப் பிறகு வருவது இயற்பியல் அல்ல. பல பிரபஞ்சங்கள் இருக்கலாம், நமக்கு எட்டாத ஆழமான விதி ஒன்று இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் பார்த்தது ஒரே ஒரு பிரபஞ்சம்; ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு 'இது நடக்க வாய்ப்பு எவ்வளவு' என்று எப்படிக் கணக்குப் போடுவது? இருந்தாலும், இந்த வாதத்தைக் கேட்டு ஒருவர் கடவுள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் அவரை அறிவில்லாதவர் என்று என்னால் சொல்ல முடியாது. சாய்வது வேறு, நிரூபித்துவிட்டோம் என்று கூவுவது வேறு.

ஆக, கடவுள் உண்டு என்பதற்கு நிரூபணம் இல்லை. இல்லை என்பதற்கும் இல்லை. சரி, நிரூபிக்காததை நம்புவது மடத்தனமா? ஆல்வின் பிளாண்டிங்கா என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1967-இலிருந்து பிடித்த பிடி இங்கேதான். பிறருக்கு மனம் உண்டு என்பதை நிரூபணம் இல்லாமலே நியாயமாக நம்புகிறோம் என்றால், கடவுளையும் அப்படியே அடிப்படை நம்பிக்கையாக வைத்துக்கொள்ள ஏன் கூடாது என்றார். இதற்கு நம் வகுப்புகளில் உடனே ஒரு கை உயரும்: அப்படியானால் புளியமரத்து முனியும் அடிப்படை நம்பிக்கைதானே சார்? நல்ல எதிர்க்கேள்வி. பிளாண்டிங்காவிடம் இதற்குப் பதில் உண்டு. எல்லா நம்பிக்கையும் அப்படித் தகுதி பெறாது, சரியான சூழலில் சரியாக வேலை செய்யும் மனத்திறனிலிருந்து வருவது மட்டுமே பெறும் என்பார். ஆனால் கடவுளை உணரும் மனத்திறன் ஒன்று நம்மிடம் இருக்கிறதா என்பது கடவுள் இருந்தால்தானே தெரியும்? என் பார்வையில் அவருடைய வாதம் பாதி வேலை செய்கிறது. நம்புகிறவரைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடுகிறது. அதே காரியத்தை முனிக்குப் படையல் போடுகிறவருக்கும் செய்துவிடுமோ என்ற பயம் மட்டும் எனக்குப் போகவில்லை.

முனி விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு, அதுதான் இந்த விவகாரத்தின் முக்கியமான இடம் என்று நினைக்கிறேன். முனி அடிக்கிறது என்கிறார்கள். காய்ச்சல் வருகிறது, மாடு சாகிறது. அதாவது உலகத்தில் குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட விளைவு. விளைவைச் சொல்லிவிட்டால் அதைச் சோதிக்கலாம். சோதிக்க முடிந்ததைச் சோதிக்காமல் நம்பினால் கிளிஃபோர்ட் சொன்னது பொருந்தும். 1995 செப்டம்பர் 21-ஆம் தேதி நாடு முழுக்கப் பிள்ளையார் பால் குடித்தார், ஞாபகம் இருக்கலாம், அல்லது வீட்டில் சொல்லியிருப்பார்கள். கரண்டியைத் தும்பிக்கையில் வைத்தால் பால் குறைகிறது. பரப்பு இழுவிசையால் பால் கல்லின் மேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்கியது என்று விளக்கினார்கள். அம்மிக்கல்லில் கரண்டியை வைத்துப் பார்த்திருந்தாலே போதும். அன்றைக்கு வரிசையில் நின்றவரை நான் குறை சொல்லமாட்டேன். விளக்கம் வந்த பிறகும் அதையே கடவுள் இருப்பதற்குச் சாட்சியாகச் சொல்லிக்கொண்டிருந்தவரைச் சொல்வேன்.

இதைவிடக் கடினமான உதாரணம் வேலூர் பக்கத்து விரிஞ்சிபுரம். கார்த்திகைக் கடைசி ஞாயிறு, மார்க்கபந்தீசுவரர் கோயிலில் பிள்ளைப்பேறு வேண்டிப் பெண்கள் சிம்ம தீர்த்தத்தில் முழுகி, ஈரத்துணியோடு கோயிலிலேயே படுப்பார்கள். கனவில் பூவோ பழமோ கிடைத்தால் குழந்தை உண்டு என்பது ஐதீகம். அடுத்த வருடம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறோம். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் வராதவர்களை யார் எண்ணுகிறார்கள்? குழந்தை பிறந்தவள் நேர்த்திக்கடன் செலுத்த வருவாள். பிறக்காதவள் இன்னொரு கோயிலுக்கோ இன்னொரு டாக்டரிடமோ போய்விடுவாள். நம் கண்ணில் படுவது வடிகட்டிய கூட்டம். இன்னொன்று, ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் அடுத்த ஓராண்டுக்குள் சிகிச்சை இல்லாமலே கருத்தரிக்கிறார்கள் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கோயில் குளம் எதற்கும் போகாதவர்களிலும் அப்படித்தான். ஆகவே 'போனாள், பிறந்தது' என்பதிலிருந்து 'போனதால் பிறந்தது' என்பதற்குப் பாலம் கிடையாது. இதை என் மனைவியிடம் சொன்னபோது அவர் சொன்ன பதில்: "அங்கே போகிறவள் எல்லாரும் கணக்குப் போட்டுக்கொண்டா போகிறாள்? நடக்கவேண்டுமே என்று போகிறாள்." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நடக்கவேண்டுமே என்று ஏங்கி ஒரு இடத்தில் போய் நிற்பதற்குச் சான்று தேவையில்லை. நிச்சயம் நடக்கும் என்று டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்துவதற்குத் தேவை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பெண்களும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள்.

பிரார்த்தனையைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும், உங்கள் அப்பாவின் விஷயத்துக்கு நேராகப் பொருந்துவதால். அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் என்ற மருத்துவர் தலைமையில் நடந்த ஆய்வு, 2006-இல் வெளியானது. ஆறு மருத்துவமனைகள், பைபாஸ் செய்துகொண்ட 1,802 நோயாளிகள், மூன்று பிரிவு. பிறர் தமக்காக ஜெபிப்பார்களா இல்லையா என்று தெரியாத இரண்டு பிரிவில், ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கும் ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் ஏதாவது ஒரு சிக்கல் வந்தது. வித்தியாசம் இல்லை. ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்த மூன்றாவது பிரிவில் 59 சதவீதம். 'நமக்காக ஜெபம் செய்கிற அளவுக்கா நிலைமை மோசம்' என்ற பயமாக இருக்கலாம் என்றார்கள், தற்செயலாகவும் இருக்கலாம். அது வெறும் ஊகம். முகம் தெரியாதவர்கள் தொலைவிலிருந்து செய்த ஜெபத்தால் அந்த ஆய்வில் பலன் தென்படவில்லை என்பது மட்டும் உறுதி. கடவுள் இல்லை என்று அது காட்டவில்லை. ஆராய்ச்சிக்காரர் போட்ட பட்டியல்படி அருள் செய்யக் கடவுள் கடமைப்பட்டவரா என்று நம்புகிறவர் கேட்கலாம். கேட்கட்டும், ஆனால் பலன் கிடைத்த அன்று மட்டும் அதைக் கணக்கில் எழுதிக்கொள்ளும் உரிமையை அதோடு விட்டுவிட வேண்டும்.

உங்கள் டாக்டருக்கு இங்கேயே பதில் இருக்கிறது. ஜெபம் செய்தார் என்பதை வைத்து அவரை எடைபோடாதீர்கள். ஜெபம் செய்ததால் எதையாவது விட்டாரா என்று பாருங்கள். இரத்தப் பரிசோதனையை விட்டாரா? ஆபத்தைக் குறைத்துச் சொன்னாரா? 'ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்று சொல்லிக் கையெழுத்து வாங்கும் படிவத்தைப் படிக்கவிடாமல் செய்தாரா? நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது, ரிப்போர்ட்டை விளக்கி முடித்த பிறகுதான் கண்ணை மூடினார். அவர் நம்பிக்கை ஆபரேஷன் தியேட்டரில் எந்த வேலையும் சான்றிடமிருந்து பிடுங்கிக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட நம்பிக்கை உங்களுக்குத் தேவையில்லாததாக இருக்கலாம், ஆனால் அதை மூளைக்கோளாறு என்று சொல்ல தருக்கத்தில் இடமில்லை. கடவுளை நம்பாத ஒரு டாக்டர், தன் கைராசியை நம்பி ஒரு பரிசோதனையை விட்டுவிட்டால், நான் அவரைக் கண்டுதான் பயப்படுவேன்.

ஆனால் நம்புகிறவர்களுக்கு இது இலவசமாகக் கிடைத்த வெற்றி அல்ல. கடவுளிடம் உலகத்தில் எவ்வளவு விளைவை எதிர்பார்க்கிறீர்களோ அந்த அளவுக்குச் சான்று காட்டும் கடன் ஏறுகிறது. கடனைக் குறைக்க, அவர் எதிலும் தலையிடுவதில்லை, எல்லாவற்றுக்கும் அடியில் நிற்கிறார் என்று பின்வாங்கிக்கொண்டே போகலாம். போகப்போக மறுக்க முடியாதவர் ஆகிறார். கூடவே, விரிஞ்சிபுரத்தில் ஈரத்துணியோடு படுத்தவளுக்கு அவரால் என்ன பயன் என்ற கேள்வியும் ஏறுகிறது. மறுக்க முடியாத கடவுளையும் மாத்திரை வாங்கிக் கொடுக்கும் கடவுளையும் ஒரே மூச்சில் பேசுவது பலருக்குப் பழக்கம். விவாதத்தில் முதல் கடவுளைக் காட்டித் தப்பித்து, வீட்டுக்குப் போய் இரண்டாவது கடவுளுக்கு உண்டியல் போடுவது. அறிவுக்குப் பொருந்தாத நம்பிக்கைக்கு உதாரணம் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன், பால் குடித்த பிள்ளையாரை அல்ல.

தீமைப் பிரச்சினை இதைவிடப் பெரியது. எல்லாம் வல்லவர், எல்லாம் அறிந்தவர், கருணையே வடிவானவர் என்றால் குழந்தைகள் வார்டில் இரத்தப் புற்றுநோயோடு படுத்திருக்கும் நான்கு வயதுப் பிள்ளை ஏன்? இந்த மூன்று குணமும் தீமையும் ஒன்றாக இருக்கவே முடியாது, அது முரண் என்று 1955-இல் ஜான் மேக்கி என்ற தத்துவவாதி எழுதினார். அந்தக் கடுமையான வடிவம் நிற்காது என்று இன்று நாத்திகத் தத்துவவாதிகளிலேயே பலர் ஒப்புக்கொள்கிறார்கள். நமக்குத் தெரியாத காரணம் ஒன்று இருக்கக்கூடும் என்பதே முரணை உடைக்கப் போதும். ஆனால் 1979-இல் வில்லியம் ரோ என்ற இன்னொரு தத்துவவாதி கொடுத்த மென்மையான வடிவம் இன்னும் நிற்கிறது. காட்டுத் தீயில் சிக்கி நாள்கணக்கில் துடித்துச் சாகும் ஒரு மான்குட்டி, யாரும் பார்க்கவில்லை, யாரும் பாடம் கற்கவில்லை. முரண் இல்லை, சரி. ஆனால் இது கடவுள் இல்லை என்ற பக்கம் தட்டைத் தாழ்த்துகிறதா இல்லையா? தாழ்த்துகிறது என்பேன். நம் ஊர்ப் பதில் முன்வினை. அந்தப் பதிலில் எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைக்கும், ஓட்டையே கிடையாது. எனக்கு அதுதான் சங்கடம். எது நடந்தாலும் பொருந்துகிற விளக்கம் எதையும் சோதிக்க விடாது. தவிர, அந்த வார்டில் உட்கார்ந்திருக்கும் தாயிடம் போய் இது உன் பிள்ளை போன பிறவியில் செய்தது என்று சொல்ல எனக்கு நா எழாது. நா எழவில்லை என்பது அது பொய் என்பதற்குச் சான்று அல்ல என்று என் மனைவி திருத்துவார். சரிதான்.

தலையை எண்ணுவதில் பயனில்லை என்பதால் அதைச் சுருக்கமாக முடிக்கிறேன். 2021-இல் வெளியான பியூ ஆய்வு மையத்தின் கணக்கில் இந்தியர்களில் 97 சதவீதம் பேர் கடவுளை நம்புகிறவர்கள். 2009-இல் தத்துவப் பேராசிரியர்களிடம் எடுத்த கணக்கில் சுமார் 73 சதவீதம் நாத்திகச் சாய்வு. ஆனால் அவர்களிலேயே மதத் தத்துவத்தில் சிறப்பாக வேலை செய்கிறவர்களை மட்டும் எடுத்தால் சுமார் 72 சதவீதம் கடவுள் பக்கம். படித்ததால் நம்பினார்களா, நம்பியதால் அந்தத் துறைக்குப் படிக்கப் போனார்களா? இரண்டாவதுக்கே வாய்ப்பு அதிகம். 'நம்பி வைத்தால் நஷ்டமில்லை' என்ற பாஸ்கலின் பந்தயமும் இங்கே உதவாது. வேலூர்க் கோட்டைக்குள் ஒரு நடை போய்வாருங்கள்: ஜலகண்டேசுவரர் கோயில், மசூதி, செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் மூன்றும் ஒரே மதிலுக்குள். எதன்மேல் பந்தயம் கட்டுவது என்று பாஸ்கல் சொல்லிவைக்கவில்லை.

நன்மை செய்கிறது, ஆகவே உண்மை என்பதும் செல்லாது. அமெரிக்க மிஷனரி டாக்டரின் மகள் ஐடா ஸ்கடர் கதை வேலூரில் எல்லாருக்கும் தெரியும். 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் டாக்டர் பார்க்கக்கூடாது என்று அவள் அப்பாவை மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். மருத்துவம் படிக்கக் கடவுள் அழைக்கிறார் என்று அந்தப் பெண் அதை எடுத்துக்கொண்டாள். 1900-இல் வேலூரில் ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. அந்த இரவில் நடந்ததிலிருந்து பெண் டாக்டர்கள் வேண்டும் என்பது நேராக வந்துவிடும். அதற்கு அழைத்தவர் ஒருவர் வேண்டியதில்லை. அழைப்பு என்பது அவள் சேர்த்தது. அது பொய்யாகவே இருந்தாலும் ஆஸ்பத்திரி நிஜம். கடவுளை வணங்குகிறவனைக் காட்டுமிராண்டி என்று சொன்ன பெரியார் 1973 டிசம்பர் 24-இல் காலமானது அதே சி.எம்.சி.யில்தான். இதைச் சொல்லி ஆத்திகர்கள் சிலர் ஒரு நமட்டுச் சிரிப்பு சிரிப்பார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அவர் போனது மருத்துவத்தைத் தேடி. மருத்துவத்துக்கு மதம் கிடையாது. பெரியாரின் முக்கியமான அடியும் கடவுள் உண்டா என்ற ஆராய்ச்சி அல்ல, கடவுள் பெயரால் ஒருவனை இன்னொருவன் கீழே வைத்ததன் மேல் விழுந்த அடி. அது ஒழுக்கவியல் வாதம். அதற்கு, கடவுள் உண்டு என்று நிரூபிப்பது பதிலாகாது.

கடைசியாக, எனக்கே உறுதியில்லாத இடம். திருத்தணியில் பிறந்து, வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்துப் போன ராதாகிருஷ்ணன், கடவுள் நம்பிக்கையின் வேர் வாதம் அல்ல, நேரடி அனுபவம் என்று வாதிட்டார். அனுபவம் பெற்றவருக்கு அது சான்றுதான் என்பதை நான் மறுக்கவில்லை. கண்ணால் கண்டதை, மாறாகக் காரணம் கிடைக்கும் வரை நம்புவது போலத்தான் அதுவும். ஆனால் சைவர் சிவனையும், கிறிஸ்தவர் கிறிஸ்துவையும், சமண முனிவர் யாரும் இல்லாத தூய அறிவையும் கண்டதாகச் சொல்லும்போது, எல்லாரும் ஒன்றையே கண்டார்கள் என்பதா, அவரவர் வளர்ந்த பாடத்தையே கண்டார்கள் என்பதா? ராதாகிருஷ்ணன் முதலாவதைச் சொன்னார், நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். இது சாய்வு மட்டுமே. எதிர்ப்பக்கத்தை அடைக்கும் வாதம் என்னிடம் இல்லை. ஒருவரையொருவர் அறியாத மரபுகளில், முன்கூட்டிக் கற்றுத்தராத ஒரே குறிப்பான செய்தியை அனுபவசாலிகள் திரும்பத் திரும்பக் கொண்டுவந்திருந்தால் நான் அந்தப் பக்கம் நகர்ந்திருப்பேன். பரவசம், ஒருமை, பயமின்மை என்று அவர்கள் கொண்டுவருவதில் ஒற்றுமை உண்டு. அது மனித மனத்தின் அமைப்பு பற்றிய செய்தியா, அதற்கு வெளியே இருப்பதன் செய்தியா என்பதில்தான் நானும் என் மனைவியும் பிரிகிறோம்.